வாசலுக்கு ஒரு படம், உள்ளே எத்தனை?

நண்பர் ஒருவர் இரண்டு வருடமாக ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து ஒரு டெக்ஸ்ட் கேம், அதாவது வாசித்து வாசித்துத் தேர்வு செய்தபடி ஆடும் கதை விளையாட்டு, எழுதி முடித்திருக்கிறார். மலைப்பாதையில் ஆளரவம் இல்லாத ஒரு ரயில்வே ஸ்டேஷன், அதில் ராத்திரி டியூட்டி பார்க்கும் ஸ்டேஷன் மாஸ்டர், வரவேண்டிய ரயில் வரவில்லை. அதுதான் கதை. சுமார் 60,000 சொற்கள், 40 இடங்கள், 12 பாத்திரங்கள். முழுக்க எழுத்து, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. வெளியிடுவதற்கு முன்னால், கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தை ஓர் ஓவியரிடம் கொடுக்கலாமா என்று என்னிடம் கேட்டார்.

"படமே இல்லாவிட்டால் யார் வாங்குவார்கள்?" என்பது அவர் மனைவியின் கேள்வி. "படம் போட்டுவிட்டால் நான் பக்கம் பக்கமாக எழுதியது எதற்கு?" என்பது அவருடைய கேள்வி. இரண்டுமே நியாயம்தான். ஆனால் இருவரும் பேசுவது ஒரே படத்தைப் பற்றி அல்ல. அந்த அம்மா சொல்வது கடை வாசலில் மாட்டும் படம். இவர் பயப்படுவது கேமுக்குள் வரும் படம். இரண்டுக்கும் வேலை வேறு, செலவும் வேறு. இரண்டையும் ஒன்றாகக் கட்டிவைத்துப் பேசுவதால்தான் "படம் வேண்டுமா, வேண்டாமா" என்ற சண்டை முடியாமல் போய்க்கொண்டிருக்கிறது.

முதலில் வாசலை முடித்துவிடலாம், ஏனென்றால் அதில் எனக்குத் தயக்கமே இல்லை. கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் ஒரு கேமை வைக்க 100 டாலர் கட்ட வேண்டும். பணம் கட்டினால் மட்டும் போதாது. பல அளவுகளில் அட்டைப்படம் வேண்டும், குறைந்தது 5 ஸ்கிரீன்ஷாட் வேண்டும். தனி ஆட்கள் கேம் விற்கும் இட்ச் தளத்தில் இவ்வளவு கெடுபிடி இல்லை என்றாலும் அங்கேயும் 630×500 பிக்சலில் ஒரு முகப்புப் படம் வைப்பதுதான் வழக்கம். ஆக, 'படமே இல்லாத கேம்' என்று ஒன்று இந்தக் கடைகளில் கிட்டத்தட்ட இருக்கவே முடியாது. அட்டைப்படத்தை நீங்கள் ஒழுங்காகச் செய்கிறீர்களா, கடைசி ராத்திரி அவசரத்தில் செய்கிறீர்களா என்பது மட்டும்தான் கேள்வி.

எழுத்துதான் எல்லாம் என்று கொடி பிடித்தவர்களே இதில் ஏமாறவில்லை. 2009 முதல் டெக்ஸ்ட் கேம்களை மட்டுமே வெளியிட்டு வரும் சாய்ஸ் ஆஃப் கேம்ஸ் நிறுவனம், தன் கேம்களில் படமும் இல்லை, ஒலியும் இல்லை, உங்கள் கற்பனைதான் எல்லாம் என்பதையே விளம்பரமாகச் சொல்கிறது. ஆனால் அவர்கள் கடையைத் திறந்து பாருங்கள், ஒவ்வொரு கேமுக்கும் வண்ணத்தில் வரைந்த அட்டைப்படம் இருக்கும். அவர்களுக்கு முன்னோடியான இன்ஃபோகாம் 1980-களில் ஒரு மூளையின் படத்தைப் போட்டு, உலகத்தின் சிறந்த கிராஃபிக்ஸ் இதற்குள்தான் இருக்கிறது என்ற பொருளில் விளம்பரம் செய்தது. அதே இன்ஃபோகாம்தான் 1982-இல் 'டெட்லைன்' என்ற துப்பறியும் கேமின் பெட்டிக்குள் போலீஸ் விசாரணை அறிக்கை, கொலை நடந்த அறையின் போட்டோ, ஒரு சின்னப் பாக்கெட்டில் மாத்திரைகள் என்று எல்லாவற்றையும் வைத்து விற்றது. சொல்ல வேண்டிய தகவல் அத்தனையும் அன்றைய டிஸ்க்கில் கொள்ளவில்லை என்பது அதற்கு ஒரு காரணம். காரணம் எதுவாக இருந்தாலும், திரையில் படம் இல்லாத கேமின் பெட்டி அந்தக் காலத்திலேயே மிக அழகான பெட்டியாக இருந்தது.

ஆகவே வாசல் படத்துக்குச் செலவு செய்யத்தான் வேண்டும். ஒரே ஒரு படம் வாங்கத்தான் காசு இருக்கிறது என்றால் அது அட்டைப்படமாக இருக்கட்டும். ஸ்கிரீன்ஷாட்டுக்கு ஓவியர் தேவையில்லை. ஆனால் ஐந்து படத்திலும் ஒரே மாதிரி எழுத்துக்கூட்டம் தெரிந்தால் யாரும் நின்று படிக்கப்போவதில்லை. பெரிய எழுத்தில் நான்கு வரி, கீழே கைகூசும்படியான இரண்டு தேர்வுகள். அப்படி ஐந்து இடங்களைப் பொறுக்கி எடுப்பது எழுதியவர் செய்ய வேண்டிய வேலை.

இனி உள்ளே போகலாம். விஷயம் சிக்கலாவது இங்கேதான்.

இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் யாராவது ஒருவர் 'டுவார்ஃப் ஃபோர்ட்ரஸ்' கதையைக் கொண்டுவந்துவிடுவார். ஆடம்ஸ் சகோதரர்கள் 2006-இல் இலவசமாக வெளியிட்டு, நன்கொடையை நம்பியே பல ஆண்டுகள் நடத்திய கேம். குள்ளர்கள், பூனைகள், பாறைகள் எல்லாமே வெறும் எழுத்தும் குறியும்தான். 2022 டிசம்பரில் பிக்சல் ஓவியங்களோடு ஸ்டீமுக்கு வந்தது. அந்த ஒரு மாதத்துக்குள் ஏறக்குறைய 5 லட்சம் பிரதிகள் விற்றன. அடுத்த மாதக் கணக்கில் சகோதரர்கள் காட்டிய வருமானம் 70 லட்சம் டாலருக்கு மேல். "பார்த்தீர்களா, படம் போட்டதும் கொட்டுகிறது" என்பார்கள்.

எனக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. முதலாவது, அங்கே எழுத்து என்பது வாசிக்கும் எழுத்து அல்ல. ஆங்கில 'சி' ஒரு பூனை என்றால் அது ஒரு மோசமான ஐகான், அவ்வளவுதான். அந்த இடத்தில் ஒரு பூனையை வரைந்து வைத்ததால் எந்த வாக்கியமும் சாகவில்லை. இரண்டாவது, படத்தோடு கூடவே மவுஸ், ஒழுங்கான மெனு, கற்றுக்கொடுக்கும் பாடம் எல்லாம் வந்தன. 16 வருடமாக "ஆடிப் பார்க்க ஆசைதான், ஆனால் புரியவில்லை" என்று காத்திருந்த கூட்டம் ஒன்று இருந்தது. உங்கள் கேமுக்கும் என் நண்பரின் கேமுக்கும் அப்படி ஒரு கூட்டம் இல்லை. அந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு: எழுத்து வெறும் அடையாளமாக நிற்கும் இடத்தில், அதாவது வரைபடம், சாமான் பட்டியல், உடல்நிலை, நேரம் போன்ற இடங்களில், தயங்காமல் படம் போடலாம். எழுத்து வாக்கியமாக நிற்கும் இடத்துக்கு அந்தக் கதையில் பதில் இல்லை.

எதிர்ப்பக்கத்துக்காரர்கள் கையில் எடுப்பது 'எ டார்க் ரூம்'. 2013-இல் பிரவுசரில் வந்தது. ஓர் இருட்டறை, ஒரு நெருப்பு, அதை மூட்ட ஒரு பட்டன், சில வரிகள். பிறகு வரும் வரைபடம்கூட எழுத்துக் குறிகளால் ஆனதுதான். அதன் ஐஃபோன் வடிவம் 2014-இல் அமெரிக்க ஆப் ஸ்டோரில் காசு கொடுத்து வாங்கும் கேம்களின் பட்டியலில் முதலிடத்துக்கே போனது. பார்வையற்றவர்கள், திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் ஐஃபோனின் வாய்ஸ்ஓவர் வசதியை வைத்து ஆடும்படி அதைச் செம்மைப்படுத்தியிருந்தார்கள் என்பது எனக்கு அதைவிடப் பெரிய விஷயம். இதை வைத்து 'படம் வேண்டவே வேண்டாம்' என்று சொல்வதும் அவசரம்தான். அந்தக் கேமில் மொத்த எழுத்தே கொஞ்சம். வெறுமைதான் அதன் அழகு. 60,000 சொல் கதைக்கு அது பொருந்துமா என்பது வேறு கேள்வி.

சரி, வாக்கியங்கள் நிறைந்த ஒரு கேமுக்குள் படம் வந்தால் என்ன ஆகும்? நண்பரின் கேமிலிருந்தே ஓர் அறையை எடுத்துக்கொள்கிறேன். ஸ்டேஷன் மாஸ்டரின் அறை. விளக்கு எரியலாம், அணைந்திருக்கலாம். ஜன்னல் கண்ணாடி உடைந்திருக்கலாம், உடையாமல் இருக்கலாம். மூலையில் இருக்கும் பெஞ்சில் அந்தக் கிழவர் உட்கார்ந்திருக்கலாம், எழுந்து போயிருக்கலாம். எழுத்தில் இதற்கு மூன்று சிறு வாக்கியங்களும் மூன்று நிபந்தனைகளும் போதும், ஒரு மணி நேர வேலை. படத்தில்? இரண்டு, நான்கு, எட்டு. ஒரே அறைக்கு எட்டு நிலைகள். முன்னிரவு, நடுநிசி, விடியல் என்று ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் மாற வேண்டும் என்றால் 24. 40 இடங்களில் இது ஓர் இடம். அடுக்கடுக்காக வரைந்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் எண்ணிக்கை குறையும், உண்மைதான். ஆனால் அப்போது ஓவியர் படம் வரைவதை விட்டுவிட்டு உதிரிபாகம் செய்ய ஆரம்பித்துவிடுகிறார்.

இன்னொரு தொல்லை, அதை முதல் கேம் எழுதுகிறவர் எதிர்பார்க்கவே மாட்டார். மூன்றாம் அத்தியாயத்தில் கிழவருக்கு ஊமைக்காயம் இடது கையில் என்று இருந்ததை வலது கைக்கு மாற்ற எழுத்தில் அரை நிமிடம். படம் வந்துவிட்ட பிறகு அந்தக் கை இடது கைதான். வெளியிடும் நாள் வரை திருத்திக்கொண்டே இருக்கலாம் என்பதுதான் தனி ஆளாக எழுதுகிறவருக்கு இருக்கும் ஒரே சொத்து. படம் அதைப் பறித்துக்கொள்கிறது. அதனால் படம் போடுவதாக இருந்தாலும் எழுத்து உறைந்த பிறகுதான் போட வேண்டும்.

மறைக்க வேண்டியதை மறைக்க முடியாமல் போவது அடுத்தது. ஆடம் கேட்ரி 2000-இல் வெளியிட்ட '9:05' என்ற குட்டி கேமை ஆடியவர்களுக்கு நான் சொல்வது புரியும். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். காலையில் படுக்கையில் கண் விழிக்கிறீர்கள், போன் அடிக்கிறது, ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. அவ்வளவுதான் சொல்வேன். அந்தப் படுக்கையறையை யாராவது படமாக வரைந்திருந்தால் கேம் முதல் நிமிடத்திலேயே செத்திருக்கும். வாக்கியம் எதைச் சொல்லாமல் விடலாம் என்று தேர்ந்தெடுக்கிறது. படத்துக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. கட்டிலை வரைந்தால் கட்டிலுக்கடியையும் ஏதாவது செய்துதான் ஆக வேண்டும். வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளோடு வளர்ந்தவர்களுக்கு இது பழகிய கோபம். அத்தியாயத்தைப் படிக்கத் தொடங்கும் முன்பே பக்கத்தின் உச்சியில் இருக்கும் ஓவியம் யார் கன்னத்தில் அறை விழப்போகிறது என்று காட்டிக்கொடுத்துவிடும். ஆனாலும் அந்த ஓவியர் கொடுத்த முகம்தான் இன்றுவரை அந்த நாயகனின் முகம் என்பதையும் மறுக்க முடியாது. இரண்டுமே நடக்கும்.

இந்தச் சிக்கல்களை நன்றாகச் சமாளித்தவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் ஒரு பொதுவான தந்திரம் தெரிகிறது: காட்சியை வரையவில்லை, காட்சி நடக்கும் இடத்தை வரைந்தார்கள். இங்கில் நிறுவனத்தின் '80 டேஸ்' 2014-இல் வந்தது, டைம் பத்திரிகை அந்த ஆண்டின் கேம்களில் முதலிடம் கொடுத்தது. வந்தபோதே சுமார் 5 லட்சம் சொற்கள் கொண்ட கேம் அது. அதில் படங்கள் உண்டு, ஆனால் எப்படிப்பட்டவை? சுழலும் ஓர் உலக உருண்டை, அதில் ஊருக்கு ஊர் ஓடும் பாதைகள், நகரங்களுக்கும் வண்டிகளுக்கும் தட்டையான நிழலுருவங்கள். ஒரு பாத்திரம் கோபப்பட்டால் அதைச் சொல்வது வாக்கியம்தான். 2022-இல் வந்த 'ரோட்வார்டன்' இன்னும் சிக்கனம். பழுப்பு நிறத்தின் சில சாயைகளில் பிக்சல் ஓவியமாகக் காடு, பாலம், சத்திரம். பக்கத்தில் நீள நீளமாக உரை. அந்த ஒற்றை நிறமே எல்லா இடத்தையும் ஒரே உலகமாகக் கட்டிவிடுகிறது, ஓவியரின் வேலையும் பாதியாகிறது. 2009-இல் தொடங்கி இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் 'ஃபாலன் லண்டன்' வேறு வழியில் போனது. சின்னச் சின்னச் சதுரப் படங்கள், ஒரே பூனை, ஒரே மெழுகுவர்த்தி நூறு கதைகளுக்கு மறுபடி மறுபடி வரும். வருடக்கணக்கில் எழுத்து வளர்ந்துகொண்டே போனாலும் படக்கணக்கு அதே வேகத்தில் ஏறாது.

1980-இல் ஆப்பிள் 2 கணினிக்கு ராபர்ட்டா வில்லியம்ஸும் கென் வில்லியம்ஸும் செய்த 'மிஸ்டரி ஹவுஸ்' இதற்கெல்லாம் பாட்டி. சுமார் எழுபது கோட்டுச் சித்திரங்கள். படங்களை அப்படியே வைத்தால் டிஸ்க் தாங்காது என்பதால் 'இங்கிருந்து அங்கே கோடு போடு' என்ற கட்டளைகளாகச் சேமித்தார்கள். குழந்தை கிறுக்கியது போன்ற ஓவியம்தான், ஆனாலும் சக்கைப்போடு போட்டது. பிற்பாடு இன்ஃபோகாமும் 1988-இல் 'ஜோர்க் ஜீரோ'வில் படம் சேர்த்துப் பார்த்தது, அடுத்த ஆண்டே கம்பெனி மூடப்பட்டது. படம் இல்லாததால் செத்தது என்றும், படம் போட்டுக் கெட்டது என்றும் இரண்டு கட்சி உண்டு. கார்னர்ஸ்டோன் என்ற அலுவலக டேட்டாபேஸ் மென்பொருளில் அவர்கள் விட்ட பணத்தை இரண்டு கட்சியுமே மறந்துவிடும்.

பாத்திரங்களின் படம் திரையில் நிற்க, அடியில் உரை ஓடும் முழு விஷுவல் நாவலாக மாற்றிவிட்டால் என்ன என்றும் நண்பர் கேட்டார். அதைச் செய்யும் ரென்பை என்ற மென்பொருள் 2004 முதல் இலவசமாகக் கிடைக்கிறது, தொழில்நுட்பம் ஒரு தடையே இல்லை. கணக்கைப் போட்டோம். 12 பாத்திரங்கள், ஒவ்வொருவருக்கும் நான்கு முகபாவம், மொத்தம் 48. பின்னணி 40. வாசல் படம் போக 88. அவர் கையில் இருக்கும் பணத்துக்கு இது சிரிப்பு. பணம் இருந்தாலும் நான் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். திரையின் அடியில் இருக்கும் கட்டத்தில் ஒரு நேரத்துக்கு மூன்று வரிதான் கொள்ளும். இவருடைய நீளமான, மூச்சு வாங்காத மழைப் பத்திகளை அதில் நறுக்கிப் போட்டால் அவை வேறு பத்திகள். முகத்தில் கோபம் தெரியும்போது 'கோபமாகச் சொன்னார்' என்ற வரி துருத்திக்கொண்டு நிற்கும். பாதியைத் திருப்பி எழுத வேண்டும். விஷுவல் நாவல் அருமையான வடிவம்தான், ஆனால் முதல் நாளிலிருந்தே அப்படி எழுத வேண்டும்.

காசே இல்லாதவர்களுக்கு இரண்டு வழி மிச்சம். ஒன்று, பதிப்புரிமை முடிந்த பழைய ஓவியங்கள். பிரிட்டிஷ் லைப்ரரி 2013-இல் பழைய புத்தகங்களிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை ஃபிளிக்கர் என்ற படப் பகிர்வுத் தளத்தில் கொட்டி வைத்தது. நியூயார்க்கின் மெட் மியூசியம் 2017 முதல் தன்னிடம் உள்ள பதிப்புரிமை இல்லாத படைப்புகளின் படங்களை யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. உங்கள் கதை நீராவி ரயில் காலத்தில் நடக்கிறது என்றால் இதைவிட நல்ல சுரங்கம் கிடையாது. எல்லாவற்றையும் ஒரே நிறத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் வேறு வேறு கைகள் வரைந்தது அவ்வளவாகத் தெரியாது. ஆனால் உங்கள் கதைக்கு வேண்டிய அந்த ஒரு பொருள் மட்டும் கிடைக்கவே கிடைக்காது. அதற்கும் தயாராக இருக்க வேண்டும்.

இரண்டாவது ஏஐ படம். 2024 ஜனவரி முதல் ஸ்டீம் அதை வெளிப்படையாகச் சொல்லச் சொல்கிறது, வாங்குகிறவர் பார்க்கும் பக்கத்திலேயே அந்தக் குறிப்பு வரும். நியாய அநியாயத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுக்கூட, டெக்ஸ்ட் கேமுக்கு இது தனியாக ஒரு கேடு செய்கிறது என்று நினைக்கிறேன். மற்ற கேம்களில் வாங்குகிறவர் படத்தோடு சந்தேகத்தை நிறுத்திக்கொள்வார். இங்கே விற்பதே எழுத்துதான். படத்தைப் பார்த்ததும் "அப்போ எழுதினதும் அதுதானா?" என்று கேட்டுவிடுவார்கள். இரண்டு வருட ராத்திரிகளுக்கு அது பெரிய விலை.

இதில் தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டும் ஓர் இடைச்செருகல். ஓவியரைத் தேடும் முன் எழுத்துருவைப் பாருங்கள். டெக்ஸ்ட் கேமில் ஆடுகிறவர் கண் விழித்திருக்கும் நேரமெல்லாம் பார்க்கப்போவது அதைத்தான். டுவைன் போலப் பிரவுசரில் ஓடும் கதை-கேம் கருவிகளில் தமிழ் ஒழுங்காக வரும். கோடாட் 4 என்ற கேம் எஞ்சினிலும் பிரச்சினை இல்லை. யூனிட்டி என்ற இன்னொரு எஞ்சினில் எழுத்தைக் காட்டும் டெக்ஸ்ட்மெஷ்புரோவில் மட்டும் 'கொ' என்று எழுதினால் ஒற்றைக்கொம்பும் காலும் கண்ட இடத்தில் போய் நிற்கும், அதற்குத் தனி வைத்தியம் பார்க்க வேண்டும். நோட்டோ செரிஃப் தமிழ், முக்த மலர் போன்ற எழுத்துருக்கள் இலவசம். வரிக்கு வரி இடைவெளியைக் கொஞ்சம் கூட்டுங்கள், ஆங்கிலத்துக்குப் போட்ட அளவு நமக்குப் போதாது. இந்த இரண்டு நாள் வேலை, பத்து நடுத்தர ஓவியங்கள் செய்யாத வேலையைச் செய்யும்.

எந்த வழியில் போனாலும் ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். துப்பு எதையும் படத்துக்குள் மட்டும் ஒளித்து வைக்காதீர்கள். டெக்ஸ்ட் கேம் ஆடுகிறவர்களில், திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடர் வைத்து ஆடுகிறவர்கள் கணிசம். அவர்களுக்கு உள்ளே நுழைய முடிகிற கேம்களே கொஞ்சம்தான். கடிகாரம் 2:10-இல் நின்றிருப்பது படத்தில் தெரிந்தால் வாக்கியத்திலும் இருக்கட்டும்.

கடைசியில் நண்பருக்கு நான் சொன்னது இது. அட்டைப்படத்துக்கு நல்ல ஓவியரிடம் முழுப்பணம் பேசுங்கள். உள்ளே ஒரே ஒரு வரைபடம், 40 இடங்களும் பழைய ரயில்வே பாதைப் படம் மாதிரி, போன இடம் மட்டும் புள்ளியாக ஒளிரட்டும். அதை நீங்களே கோடு போட்டுச் செய்யலாம். அத்தியாயத்துக்கு ஒன்றாக ஆறு சின்னப் படங்கள், அதுவும் டிக்கெட் குத்தும் கருவி, சாவி வளையம், தேநீர்க் கிளாஸ் என்று கதை எப்படிப் போனாலும் மாறாத பொருள்களாக. முகம் வேண்டாம். பணம் மிஞ்சினால் ஒலிக்குப் போடுங்கள், மழைச் சத்தம் எந்த வாக்கியத்தோடும் சண்டை போடாது.

அவருக்கும் மனைவிக்கும் ஒத்துப்போயிற்று. ஓவியரும் கிடைத்துவிட்டார். பிளாட்பாரத்தில் முதுகைக் காட்டி நிற்கும் ஸ்டேஷன் மாஸ்டர், கையில் சிக்னல் விளக்கு. இதுதான் அட்டை. ஓவியர் கேட்ட முதல் கேள்வி: விளக்கு சிவப்பா, பச்சையா? கேமின் கடைசிப் பத்து நிமிடமும் ஆடுகிறவர் முடிவு செய்ய வேண்டியது அந்த ஒன்றைத்தான். நேற்று ராத்திரிவரை மூன்று பேரும் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.